கையோடு சென்ற கணினி

(ஆடம் ஆஸ்போர்ன் வாழ்க்கை வரலாறு)

இன்று மடிக்கணினியை முதுகுப்பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கும் அலுவலகத்திற்கும் செல்கிறோம். கணினியைக் கையோடு எடுத்துச் செல்லலாம் என்பதே வியப்புக்குரிய செய்தியாக இருந்த காலமும் உண்டு. அந்தக் காலத்தில் அதனை வணிகத்தில் நடத்திக் காட்டியவர் ஆடம் ஆஸ்போர்ன். இவருடைய இளமை திருவண்ணாமலையிலும் கொடைக்கானலிலும் கழிந்தது என்பது நாம் அறிந்து மகிழத்தக்கது.

மலையடிவாரத்து இளமை

ஆடம் ஆஸ்போர்ன் 1939ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் தாய்லாந்தின் பாங்காக் நகரில் பிறந்தார். தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன் ஆங்கிலேயர். தாய் லூசியா போலந்து நாட்டவர். இரண்டாம் உலகப்போர் கிழக்காசியாவிற்குப் பரவிய வேளையில், தாயும் குழந்தைகளும் திருவண்ணாமலையில் தங்கியிருந்தனர். தாய்லாந்தில் பணியாற்றிய தந்தை சப்பானியரின் சிறைமுகாமில் அடைக்கப்பட்டார். போர் முடிந்து 1945இல்தான் அவர் குடும்பத்தினரை வந்தடைந்தார்.

இரமண மகரிசியின் ஆசிரமத்தை அடுத்து வாழ்ந்த அக்குழந்தைகள் அண்ணாமலையின் நிழலில், தமிழைக் கேட்டும் பேசியும் வளர்ந்தனர். தந்தை ஆர்தர் பிற்காலத்தில் இரமணரின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிப் புகழ்பெற்றார். ஆடம் கொடைக்கானலில் பள்ளிக்கல்வியைத் தொடங்கினார். பதினொரு வயதில் இங்கிலாந்து சென்றார். பிறந்தது ஒரு நாடு, வளர்ந்தது ஒரு நாடு, கற்றது மற்றொரு நாடு என்றாயிற்று அவர் வாழ்வு.

நூலாசிரியர் ஆன பொறியாளர்

பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் வேதிப்பொறியியல் பயின்று 1961இல் பட்டம் பெற்ற ஆஸ்போர்ன், அமெரிக்கா சென்று டெலாவேர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். எண்ணெய் நிறுவனம் ஒன்றில் சிறிது காலம் பணியாற்றினார். எனினும் அவர் உள்ளம் கணினியையே நாடியது.

அப்பொழுது நுண்செயலி எனும் சிறு சில்லு புதிதாகத் தோன்றியிருந்தது. ஓர் அறையை நிறைத்த கணினியின் மூளையை விரல்நுனி அளவில் அடக்கிய புதுமை அது. 1975இல் கலிபோர்னியாவில் ஆர்வலர்கள் சங்கம் அமைத்து, சில்லுகளை வாங்கித் தம் இல்லங்களிலேயே கணினிகளை உருவாக்கத் தொடங்கினர். ஆனால் அவற்றை விளக்கும் எளிய நூல்கள் அருகியே இருந்தன. அக்குறையைப் போக்க ஆஸ்போர்ன் நுண்கணினிகளைப் பற்றி நூல்கள் எழுதித் தாமே பதிப்பித்தார். சங்கக் கூட்டங்களில் அந்நூல்கள் விரும்பி வாங்கப்பட்டன. 1979இல் தம் பதிப்பகத்தைப் பெரிய நிறுவனம் ஒன்றுக்கு விற்றார். அப்பொருளைக் கொண்டு புதிய முயற்சியில் இறங்கினார்.

பெட்டிக்குள் கணினி

கணினி வாங்குவோர் அன்று திரையை ஓரிடத்திலும், வட்டு இயக்கியை வேறிடத்திலும், மென்பொருளை மற்றோரிடத்திலும் வாங்க வேண்டியிருந்தது. இவை அனைத்தையும் ஒரே பெட்டியில் அடக்கிக் குறைந்த விலையில் தரவேண்டும் என்று ஆஸ்போர்ன் எண்ணினார். அவ்வெண்ணத்திற்கு வடிவம் தந்தவர் லீ பெல்சன்ஸ்டைன் என்னும் பொறியாளர்.

1981ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த கண்காட்சியில் 'ஆஸ்போர்ன் 1' அறிமுகமாயிற்று. அதன் மூளை இசட்80 என்னும் நுண்செயலி. நாற்பது கால்களைக் கொண்ட அச்சில்லு நொடிக்கு நாற்பது இலட்சம் துடிப்புகளில் இயங்கியது. அதன் கால்களுள் பதினாறு நினைவக முகவரிகளைக் குறிப்பதற்கானவை. ஒவ்வொன்றும் சுழியம் அல்லது ஒன்று என்னும் இரு நிலைகளைக் கொள்ளும். எனவே 65,536 முகவரிகளை, அதாவது 64 கிலோபைட்டு நினைவகத்தை, அச்சில்லு நேரடியாக ஆளமுடிந்தது.

திரையின் அளவு ஐந்து அங்குலமே. மூடினால் தையல் இயந்திரப் பெட்டியைப் போலத் தோன்றிய அக்கணினியின் எடை ஏறத்தாழ 11 கிலோகிராம். மின்கலம் உள்ளே இல்லாமையால் செல்லுமிடத்தில் மின்னிணைப்புத் தேவைப்பட்டது. ஆயினும் எழுதவும் கணக்கிடவும் உதவும் மென்பொருள்களுடன் அதன் விலை 1,795 டாலர்தான். மக்கள் விரைந்து வாங்கினர். உச்சநிலையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் கணினிகள் விற்றன.

வீழ்ச்சியும் பாடமும்

ஏற்றம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1983இல், பெரிய திரை கொண்ட அடுத்த கணினி வரவிருப்பதை ஆஸ்போர்ன் முன்கூட்டியே வெளிப்படுத்தினார். புதியது வருமெனில் பழையதை வாங்குவானேன் என்று வணிகர் கருதினர். பழைய கணினிகள் தேங்கின. புதியவையோ விற்பனைக்குப் போதிய அளவில் வந்துசேரவில்லை. போட்டி நிறுவனங்களும் நெருக்கின. அவ்வாண்டு செப்டம்பரில் நிறுவனம் நொடித்தது. முன்னறிவிப்பால் விற்பனை சரிவதை இன்றும் வணிக உலகம் 'ஆஸ்போர்ன் விளைவு' என்று குறிக்கிறது. வீழ்ச்சிக்கு நிருவாகக் குறைகளும் பணமுடையும் காரணங்கள் என்பாரும் உளர்.

ஆஸ்போர்ன் சோர்ந்துவிடவில்லை. நடந்தவற்றை நூலாக எழுதினார். 1984இல் குறைந்த விலையில் மென்பொருள் விற்கும் நிறுவனத்தைத் தொடங்கினார். வழக்கொன்றில் தோற்றதால் அதுவும் நிலைக்கவில்லை. பின்னர் நோய் அவரைத் தளர்த்தியது. 1992இல் தம் தமக்கையுடன் வாழக் கொடைக்கானலுக்கே திரும்பினார். 2003ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் அங்கேயே இயற்கை எய்தினார்.

இன்றும் ஆர்வலர் பலர் பழைய இசட்80 சில்லைத் தேடி வாங்கி, சிறு திரையும் விசைப்பலகையும் இணைத்து, தம் கைகளாலேயே மடிக்கணினி செய்து மகிழ்கின்றனர். கணினி உள்ளே எவ்வாறு சிந்திக்கிறது என்பதைக் கால் காலாக அறிய அச்சில்லு துணைசெய்கிறது. நாற்பது கால் கொண்ட அச்சில்லின் உற்பத்தியை முடித்துக்கொள்வதாக அதன் நிறுவனம் 2024இல்தான் அறிவித்தது. ஆஸ்போர்னின் நிறுவனம் மறைந்தது; கணினி மனிதனோடு பயணம் செய்யவேண்டும் என்ற அவர் எண்ணமோ நம் ஒவ்வொருவர் கையிலும் வாழ்கிறது.

சொற்பொருள்

அருகி – குறைவாக
நொடித்தது – பொருளிழந்து வீழ்ந்தது
பணமுடை – பணத் தட்டுப்பாடு
தமக்கை – அக்காள்

சிந்தித்து விடை எழுதுக

1. ஆஸ்போர்ன் நூல்கள் எழுத நேர்ந்தது ஏன்?
2. இசட்80 சில்லு 64 கிலோபைட்டு நினைவகத்தை ஆண்டது எவ்வாறு?
3. 'ஆஸ்போர்ன் விளைவு' என்பதை உம் சொற்களில் விளக்குக.
4. பல ஊர்களில் வளர்வதால் ஒருவர் பெறுவன யாவை? இழப்பன யாவை? உம் பட்டறிவைக் கொண்டு பத்து வரிகளில் எழுதுக.