அல்வா அடுப்பும் அழகப்பரும்

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்னன்னு கேட்டவங்க எல்லாருமே முதல்ல சிரிச்சாங்க. அல்வா அடுப்புல வீணாப் போற சூட்டுல இருந்து கரண்ட் எடுக்கிறது. நம்ம திருநெல்வேலியில மணிக்கணக்கா எரியுற அடுப்புக்கா பஞ்சம்? அடுப்பைச் சுத்தியுள்ள சுவரைத் தொட முடியாது, அவ்வளவு சூடு. அது எல்லாம் சும்மா காத்துல போகுது.

இதுக்கு நாங்க எடுத்தது தெர்மோகால்வானிக் செல். ஒரே கரைசல், ரெண்டு கிராஃபைட் எலக்ட்ரோடு. ஒண்ணு சூட்டுல, இன்னொண்ணு குளிர்ச்சியில. கரைசல்ல பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடும் ஃபெர்ரிசயனைடும் இருக்கும். சூடான பக்கம் ஒரு அயனி எலக்ட்ரானை விடும், குளிர்ந்த பக்கம் இன்னொண்ணு வாங்கிக்கும். அப்புறம் ரெண்டும் கரைசலுக்குள்ளேயே இடம் மாறிக்கும். எதுவும் தீர்ந்து போகாது, சூடு இருக்கிற வரைக்கும் ஓடும். ஆனா ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 1.4 மில்லிவோல்ட்தான். 50 டிகிரி இருந்தாலும் 70 மில்லிவோல்ட். ஒரு சுவர்க் கடிகாரத்துக்கு வேண்டிய 1.5 வோல்ட்டுக்கு 20 செல்லுக்கு மேல வரிசையா கோக்கணும்.

எலக்ட்ரோகெமிஸ்ட்ரியில எதைத் தேடினாலும் காரைக்குடி சிக்ரி பேரு வந்து நிக்கும். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். இவ்வளவு பெரிய லேப் ஏன் டெல்லியிலயோ பம்பாயிலயோ இல்லாம செட்டிநாட்டு வறண்ட பூமியில இருக்குன்னு யோசிச்சப்போதான் அழகப்பச் செட்டியார் வாழ்க்கைக்குள்ள போனேன். அதுவரைக்கும் எனக்கு அவர் ஒரு யுனிவர்சிட்டி பேரு, அவ்வளவுதான்.

1909 ஏப்ரல் 6-ல காரைக்குடி பக்கத்துல கோட்டையூர்ல பிறந்தவர். சென்னை பிரசிடென்சி காலேஜ்ல எம்.ஏ. இங்கிலீஷ். கெமிஸ்ட்ரி இல்லைங்கிறதை ஞாபகம் வெச்சுக்கோங்க. லண்டன் போய் பாரிஸ்டர் ஆனார், விமானம் ஓட்டக் கத்துக்கிட்டு லைசென்ஸும் வாங்கினார். திரும்பி வந்து கேரளாவுல திருச்சூர் பக்கம் துணி மில், மலாயாவுல ரப்பர் தோட்டம், ஈயச் சுரங்கம், அப்புறம் இன்சூரன்ஸ், விமான கம்பெனின்னு தொட்டதெல்லாம் தொழில். பிரிட்டிஷ் அரசு சர் பட்டம் கொடுத்துச்சு. சுதந்திரத்துக்கு அப்புறம் அதை வேண்டாம்னு விட்டுட்டார்.

1947 ஜூலை 3-ல மயிலாப்பூர் விவேகானந்தா காலேஜ்ல அன்னிபெசன்ட் நூற்றாண்டு விழா. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார், வசதியுள்ளவங்க காலேஜ் தொடங்க முன்வரணும்னு பேசினார். கூட்டத்துல இருந்த அழகப்பர் அங்கேயே எழுந்து, காரைக்குடியில நான் தொடங்குறேன்னு அறிவிச்சுட்டார். ஆகஸ்ட்லயே காலேஜ் நடக்க ஆரம்பிச்சிருச்சு. ஒரு ப்ராஜெக்ட் டைட்டிலை ஃபைனல் பண்ணவே எங்களுக்கு ரெண்டு மாசம் ஆச்சு!

அந்த நேரம் மத்திய அரசு நாடு முழுக்க தேசிய ஆய்வகங்கள் தொடங்கிட்டு இருந்துச்சு. மின்வேதியியல் லேப் காரைக்குடிக்கு வர்றதுக்காக அழகப்பர் கொடுத்தது 300 ஏக்கர் நிலம், 15 லட்சம் ரூபாய். அந்தக் காலத்து 15 லட்சம்! 1948 ஜூலை 25-ல நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல ராதாகிருஷ்ணன் திறந்து வெச்சார். நமக்கு வத்தாத தாமிரபரணி இருக்கு, பாபநாசத்துல 1944-லேயே நீர்மின் நிலையமும் வந்திருச்சு. காரைக்குடியில அப்படி ஒரு ஆறும் கிடையாது. அங்க போய் பேட்டரியையும் உலோக அரிப்பையும் ஆராய ஒரு இடம் கேட்டு வாங்கியிருக்காரு பாருங்க, அதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். காலேஜ் கட்டினா ஊர்ப் பசங்க படிப்பாங்கன்னு புரியும். லேப்போட பலன் எப்போ, யாருக்குன்னு கொடுக்கிறவருக்கே தெரியாது. பணக்காரர் கொடுத்தார்னு ஈஸியா சொல்லிடலாம், ஆனா அவர் மிச்சத்தைக் கொடுத்த மாதிரி எனக்குத் தோணலை.

அப்புறம் பாலிடெக்னிக், இன்ஜினியரிங் காலேஜ், டீச்சர் ட்ரெயினிங், பெண்களுக்குத் தனிக் காலேஜ்னு வரிசையா வந்துச்சு. கிண்டி ஏ.சி. டெக்ல இருக்கிற அந்த ரெண்டு எழுத்தும் அவர்தான். கடைசி வருஷங்கள்ல உடம்பு ரொம்ப முடியாம இருந்தார். 1957 ஏப்ரல் 5-ல இறந்தப்போ 48 வயசு நிரம்ப ஒரு நாள் பாக்கி. அவர் பேருல பல்கலைக்கழகம் வந்தது 1985-ல.

சிக்ரிக்கு ஒரு மையம் நம்ம பக்கத்துல தூத்துக்குடியிலயும் இருக்கு, கடல் தண்ணி இரும்பை எப்படி அரிக்குதுன்னு பாக்கிறாங்க. தாமிரபரணி கடல்ல சேர்ற புன்னைக்காயலும் அதே மாவட்டம்தான்.

எங்க முதல் செல் 40 டிகிரி வித்தியாசத்துல 52 மில்லிவோல்ட் காட்டுச்சு. ரெண்டாவது செல்லுல நான் சீல் சரியா ஒட்டாததால கரைசல் டேபிள் முழுக்க மஞ்சளா ஓடிருச்சு. இன்னும் 19 செய்யணும், ரிவ்யூ அடுத்த மாசம்.