5 பேரோடு ஆரம்பித்த பி.டி. வாத்தியார் படிப்பு: விதை போட்ட அமெரிக்கர்

கொட்டாம்பட்டி:
கொட்டாம்பட்டி பக்கம் எந்தப் பள்ளிக்கூட மைதானத்திலும் பி.டி. வாத்தியார் விசில் ஊதினால் போதும், பிள்ளைகள் ஓடி வந்து வரிசை கட்டி விடுவார்கள். அந்த வாத்தியார் படிப்புக்கு நம்ம மாநிலத்தில் விதை போட்டவர் எச்.சி.பக் என்ற அமெரிக்கர்.

1884-ல் பிறந்தவர். கூடைப்பந்து விளையாட்டு பிறந்த ஸ்பிரிங்பீல்டு ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் படித்தவர். 1919-ல் சென்னைக்கு வந்தார்.

அப்போது பள்ளிக்கூடங்களில் விளையாட்டு என்றால் வெறும் டிரில்தான். ரிட்டயர்டு பட்டாளத்துக்காரர்கள்தான் பெரும்பாலும் சொல்லிக் கொடுத்தார்கள். விளையாட்டு வாத்தியாருக்கும் முறையான படிப்பு வேண்டும் என்று 1920-ல் தனிப் பள்ளி தொடங்கினார் பக். சேர்ந்ததோ 5 பேர். பாடம் எடுத்தது அவரும், அவரது மனைவியும்தான்.

1924 பாரீஸ் ஒலிம்பிக்கில் இந்திய தடகள அணிக்கு மேலாளராகப் போனார். பதக்கம் ஒன்றுகூட கிடைக்கவில்லை. ஆனாலும் மனுஷன் சோர்ந்து போகவில்லை. சென்னைக்குத் திரும்பி வந்து மறுபடியும் பாடம் எடுக்கத் தொடங்கினார். 1943-ல் இறக்கும் வரை கல்லூரியை விட்டு விலகவே இல்லை.

5 பேரோடு ஆரம்பித்த அந்தக் கல்லூரி இன்றைக்கும் சென்னை நந்தனத்தில் பி.டி. வாத்தியார்களை உருவாக்கி வருகிறது.