தங்கையைப் பறித்த புற்றுநோய்... பழிவாங்க ஒரு மருத்துவமனை! யார் இந்த முத்துலட்சுமி ரெட்டி?

இன்றைய மருத்துவ மாணவர்களுக்கு, கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி ஒரு பாடம். ஆனா, புற்றுநோய்னாலே சாவுதான்னு ஊரே நம்பிய காலத்தில் அதை எதிர்த்து நின்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

ஆண்கள் கல்லூரியில் ஒரு பெண்

1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில், எதிர்ப்புகளைத் தாண்டி சேர்ந்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனவர், 1912-ல் டாக்டராக வெளியே வந்தார். பிறகு சென்னை மாகாண சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர். தேவதாசி முறை ஒழிப்புக்காகப் போராடினார், அவ்வை இல்லம் தொடங்கினார்.

மாற்றிய மரணம்

1920-களின் தொடக்கத்தில் அவரது தங்கை புற்றுநோயால் இறந்தார். அக்கா டாக்டர்தான், ஆனாலும் காப்பாற்ற முடியலை. அந்த வலியோடு 1925-ல் லண்டன் போய் உயர்பயிற்சி பெற்றார். புற்றுநோய்க்குன்னு தனி மருத்துவமனை வேண்டும் என்று 1935-லேயே கேட்டார். அடிக்கல் நாட்டவே 1952 ஆகிவிட்டது. நாட்டியவர் பிரதமர் நேரு. அப்போ முத்துலட்சுமிக்கு வயது 66.

1954-ல் வெறும் 12 படுக்கைகளோடு திறக்கப்பட்டதுதான் இன்றைய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள்.

அவர் பார்க்காத ஊசி

1968-ல் முத்துலட்சுமி மறைந்தார். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எச்.பி.வி. வைரஸ்தான் காரணம்னு தெரிய வந்தது 1980-களில். தடுப்பூசி வந்தது 2006-ல். இந்தியாவிலேயே தயாரான 'செர்வாவேக்' 2022-ல் அனுமதி பெற்றது. சிறுமிகளுக்கு இந்தத் தடுப்பூசி போட, 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு 36 கோடி ரூபாய் அறிவித்தது.

நாம என்ன செய்யணும்?

வைரஸ் உடலுக்குள் வருவதற்கு முன்பே போட்டால்தான் ஊசிக்கு முழுப் பலன். அதனால்தான் 9 முதல் 14 வயது சரியான நேரம். ஊசி எல்லா எச்.பி.வி. வகைகளையும் தடுக்காது. அதனால் போட்டவர்களும், 30 வயது தாண்டியதும் கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ளணும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம்.

செஞ்சி பக்கத்துல சீயமங்கலத்தில் இருக்கும் அம்மாவுக்கும் இதெல்லாம் தெரிய வேண்டும். அதைச் சொல்ல வேண்டிய முதல் ஆள், இன்று மருத்துவம் படிக்கும் மாணவர்தான். தங்கையைக் காப்பாற்ற அந்த அக்காவுக்குக் கிடைக்காத வாய்ப்பு, இன்று நம்ம வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கு இருக்கிறது.