சுரங்கத்துக்குள் நுழைந்ததும் ஏன் கத்துகிறோம்? ரோலர் கோஸ்டரை இருட்டுக்குள் ஓட்டிய தாம்சனின் கதை

செம்பூரிலிருந்து ஃபோர்ட் பக்கம் ஆபீஸ் போகிறவரா நீங்கள்? ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் சுமார் அரை கிலோமீட்டருக்கு ஒரு சுரங்கம் வரும். டிரைவர் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டிருக்கவே மாட்டார். ஆனாலும் உள்ளே நுழைந்த நொடியில் வண்டி பறக்கிற மாதிரி இருக்கும். மாட்டுங்கா, தாராவிக்காரர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. லீவுக்கு ஊருக்குப் போகிற ரயில் கர்ஜத்தைத் தாண்டி மலை ஏறும்போது, ஒவ்வொரு சுரங்கத்திலும் பெட்டியில் இருக்கிற பிள்ளைகள் மொத்தமும் ஓவென்று கத்தும். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, தானாகவே வருகிற கத்தல் அது.

அந்தக் கத்தலுக்கு டிக்கெட் போடலாம் என்று ஒரு மனிதர் 1887-லேயே புரிந்துகொண்டார். அவர் பெயர் லமார்கஸ் அட்னா தாம்சன்.

காலுறையிலிருந்து கோஸ்டருக்கு

1848-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாகாணத்தில் பிறந்தவர் தாம்சன். சின்ன வயதிலிருந்தே கை சும்மா இருக்காது, எதையாவது செய்துகொண்டே இருப்பார். பிறகு இண்டியானா மாகாணத்தின் எல்க்ஹார்ட் ஊரில் தையல் மடிப்பு இல்லாத காலுறை பின்னும் இயந்திரத்தை உருவாக்கி, அதை வைத்தே தொழில் நடத்தி நன்றாகச் சம்பாதித்தார். கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஓய்வில்லாத வேலையில் நலம் கெட்டு, அந்தத் தொழிலை விட்டே விலகினார். பர்ன்அவுட் என்ற சொல் அப்போது புழக்கத்தில் இல்லை. இருந்திருந்தால் அவருக்கும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று தோன்றுகிறது.

அடுத்து என்ன செய்வது என்ற கேள்விக்கு பென்சில்வேனியாவின் மலைகளில் ஒரு பதில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. மாக் சங்க் என்ற ஊரில் 1827-ல் நிலக்கரியை இறக்குவதற்காகப் போட்ட தண்டவாளம் அது. எஞ்சின் கிடையாது. சரிவில் வண்டி தானாக இறங்கும், காலி வண்டியைக் கோவேறு கழுதைகள் மேலே இழுத்துப் போகும். இறங்கும்போது அந்தக் கழுதைகளும் ஒரு பெட்டியில் ஏறி ஜம்மென்று சவாரி செய்யும்! 1872-ல் பக்கத்தில் ஒரு ரயில் சுரங்கம் திறக்கப்பட்டதும் நிலக்கரி அந்த வழியாகப் போக ஆரம்பித்தது. வேலையிழந்த பழைய தண்டவாளத்தில் சுற்றுலாப் பயணிகள் காசு கொடுத்து ஏறினார்கள்.

தாம்சன் பார்த்த பாடம் எளிமையானது. சாமானை இறக்குவதற்குப் போட்ட பாதையில் மனிதர்கள் சந்தோஷத்துக்காகக் காசு கொடுத்து இறங்குகிறார்கள். அப்படியென்றால் மலையை ஏன் ஊருக்குள் கொண்டுவரக் கூடாது?

ஒரு சவாரி 5 சென்ட்

1884 ஜூன் மாதம் நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் அவருடைய ஸ்விட்ச்பேக் ரயில்வே திறக்கப்பட்டது. மரச் சாரத்தின் மேல் தண்டவாளம், சுமார் 50 அடி உயரம், வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர் அளவில். நம்ம ஊரில் சைக்கிள் இதைவிட வேகமாகப் போகும். பயணிகள் முன்னால் பார்த்து உட்காரவில்லை; பார்க் பெஞ்சில் உட்காருவதுபோல் பக்கவாட்டில் உட்கார்ந்தார்கள். ஒரு முனைக்கு வந்ததும் எல்லோரும் இறங்க வேண்டும். ஆட்கள் வண்டியை மேட்டுக்குத் தள்ளி அடுத்த தண்டவாளத்துக்கு மாற்றியதும் மறுபடி ஏறித் திரும்பி வர வேண்டும். கட்டணம் 5 சென்ட். இதற்கே கூட்டம் அலைமோதியது, போட்ட முதல் சில வாரங்களிலேயே திரும்பிவிட்டது என்கிறார்கள்.

தாம்சன் ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தியவர். அன்றைய கோனி ஐலண்ட் குடிக்கும் சூதாட்டத்துக்கும் பேர்போன இடம். இளைஞர்களுக்கு வெயிலும் காற்றும் உள்ள, கெடுதல் இல்லாத பொழுதுபோக்கைத் தர வேண்டும் என்பது அவருடைய ஆசை.

ரோலர் கோஸ்டரைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அது சரியில்லை. ரஷ்யாவில் பனிச்சறுக்கு மேடுகள் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தன. 1817-லேயே பாரிஸில் சக்கரம் வைத்த வண்டிகள் தடத்தில் ஓடின. தாம்சன் அதை அமெரிக்காவில் பெரிய தொழிலாக மாற்றினார். என்னைக் கேட்டால், அவருடைய உண்மையான கண்டுபிடிப்பு இதற்கு அடுத்து வந்ததுதான்.

போட்டியாளர் முந்தியபோது

புது ஐடியா ஹிட் ஆனால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதே 1884-ல் சார்லஸ் அல்கோக் என்பவர், பயணிகள் நடுவில் இறங்கத் தேவையில்லாமல் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நிற்கும் வளையப் பாதையைக் கட்டினார். 1885-ல் பிலிப் ஹிங்கிள் வண்டியை மேட்டுக்கு இழுக்கும் இயந்திர வசதியைக் கொண்டுவந்தார். பயணிகளும் முன்னால் பார்த்து உட்கார்ந்தார்கள். 1885 ஜனவரியில் தாம்சன் கைக்கு பேட்டன்ட் வரும்போது அவருடைய வண்டி ஏற்கெனவே பழசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது.

உயரத்தையும் வேகத்தையும் கூட்டுவதுதான் நேரடியான பதில். ஆனால் மரச் சாரத்துக்கும், கையால் பிடிக்கிற பிரேக்குக்கும் ஓர் எல்லை உண்டு. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கோஸ்டருக்கு எஞ்சின் இல்லை. முதல் மேட்டின் உயரம்தான் அதன் மொத்த முதலீடு. அதற்குப் பிறகு ஒவ்வொரு மேடும் வளைவும் உராய்வும் அந்தக் கணக்கிலிருந்து செலவு. சம்பளம் வந்த அன்றே மாதக் கடைசியை யோசிக்கிற நிலைமை.

தாம்சன் 1887-ல் நியூஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டியில் திறந்த சீனிக் ரயில்வே, அந்த முதலீட்டிலிருந்து ஒரு பைசா எடுக்காமல் த்ரில் கொடுத்தது. வண்டி இருட்டான சுரங்கத்துக்குள் நுழையும். உள்ளே தண்டவாளத்தில் இருக்கும் பொறியை வண்டி தட்டியதும் விளக்குகள் எரிந்து, வரைந்து வைத்த காட்சிகள் சட்டென்று கண்முன் வரும். பிறகு மறுபடி இருட்டு. மின்விளக்கே பலருக்கு அதிசயமாக இருந்த காலம் அது. (மும்பைக்கு கோபோலியிலிருந்து டாடாவின் நீர்மின்சாரம் வந்தது 1915-ல்தான்.) சாதுவான பொழுதுபோக்கு தர நினைத்த ஞாயிறு பள்ளி ஆசிரியர், காதலர்களுக்கு நகரத்திலேயே வசதியான இருட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டார் என்பதும் உண்மை. பாண்ட்ரா பேண்ட்ஸ்டாண்டில் இடம் தேடி அலைந்தவர்களுக்கு மேலே விளக்கம் வேண்டாம்.

இருட்டு உடம்பில் என்ன செய்கிறது?

நம் உள்காதில் சமநிலையைக் கவனிக்கும் உறுப்பு இருக்கிறது. அது வேகத்தை அளப்பதில்லை, வேகம் மாறுவதைத்தான் அளக்கும். எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்பதைப் பெரும்பாலும் கண்தான் சொல்கிறது, அதுவும் ஓரப் பார்வையில் பொருட்கள் பின்னால் ஓடுவதை வைத்து. தூரத்தில் இருக்கும் மலை மெதுவாக நகரும். கைக்கெட்டும் தூரத்தில் உள்ள சுவர் பாய்ந்து ஓடும். ஆகவே சுவர் பக்கத்தில் வந்தாலே வேகம் கூடின மாதிரி மூளை எடுத்துக்கொள்கிறது. ஃப்ரீவே சுரங்கத்தில் நடப்பது இதுதான்.

முழு இருட்டில் வேறு கதை. வெளிச்சத்தில் அடுத்த இறக்கம் கண்ணுக்குத் தெரியும். கழுத்தையும் வயிற்றையும் உடம்பு முன்கூட்டியே இறுக்கிக்கொள்ளும். இருட்டில் அந்த முன்தகவல் கிடையாது. சின்ன இறக்கம்கூட எதிர்பாராத அடியாக வந்து சேரும். போதாததற்குச் சக்கரச் சத்தமும் நம் கத்தலும் சுவரில் பட்டுத் திரும்பி நம்மையே மிரட்டும்.

சுரங்க வாசலுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் தலை இடித்துவிடும்போல் தாழ்வாகத் தெரியும், தூக்கிய கை தானாகக் கீழே வரும். உண்மையில் உயரமான ஆள் கையை நீட்டினாலும் எட்டாத அளவுக்கு இடைவெளி விட்டுத்தான் கட்டுகிறார்கள்.

இதற்குச் சிறந்த சாட்சி 1975-ல் ஃப்ளோரிடா டிஸ்னியில் வந்த ஸ்பேஸ் மவுண்டன். அதன் உச்ச வேகம் மணிக்கு சுமார் 45 கிலோமீட்டர்தான். நீங்கள் தினமும் தொங்கிக்கொண்டு போகிற ஃபாஸ்ட் லோக்கல் அதைத் தாண்டிப் போகும். ஆனால் ஸ்பேஸ் மவுண்டன் ஓடுவது இருட்டுக்குள், அதனால் ஏறி இறங்கியவர்கள் வேகத்தைக் கேட்டதும் நம்ப மாட்டார்கள்.

மும்பைக்காரர்கள் பலருக்கு முதல் கோஸ்டர், 1989-ல் கோராயில் வந்த எஸ்ஸெல்வேர்ல்டில்தான். படகில் போய்ச் சேர்ந்த அந்தப் பூங்கா 2022-ல் மூடப்பட்டது. கோபோலி அருகே 2013-ல் திறந்த இமேஜிகாவில் வெட்டவெளியில் தலைகீழாகச் சுற்றும் நைட்ரோவும் உண்டு, கட்டிடத்துக்குள் இருட்டில் ஓடும் டீப் ஸ்பேஸும் உண்டு. பெயர் தெரியாமலேயே பலர் தாம்சனைச் சந்தித்த இடம் இரண்டாவது.

தாம்சனிடம் ஈர்ப்பு விசைச் சவாரிகள் தொடர்பாகக் கிட்டத்தட்ட 30 பேட்டன்ட்கள் இருந்தன. அவருடைய நிறுவனம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சீனிக் ரயில்வேக்களைக் கட்டியது. 1919 மே மாதம், 71 வயதில், நியூயார்க் அருகே க்ளென் கோவ் வீட்டில் இறந்தார். அடுத்த பத்தாண்டில் உயரமும் வேகமும்தான் எல்லாம் என்றாகிவிட்டது. அவருடைய முதல் வண்டி ஓடிய கோனி ஐலண்ட் இடத்தில் 1927 முதல் சைக்ளோன் கோஸ்டர் நிற்கிறது.

சீனிக் ரயில்வே வகையில் மிஞ்சியிருப்பவை உலகில் மிகக் குறைவு. மெல்போர்ன் லூனா பார்க்கில் 1912-லிருந்து ஒன்று இருக்கிறது. கோபன்ஹேகனின் டிவோலி பூங்காவில் 1914-லிருந்து இன்னொன்று, மரத்தால் கட்டிய மலைக்குள் புகுந்து வெளியே வருகிறது. இரண்டிலும் பயணிகளோடு ஓர் ஆள் கூடவே போய், இறக்கம் வரும்போது கையால் பிரேக் பிடிக்கிறார்.