ஏரிக்கரையில் ஐந்து ஆண்டுகள்

முகாம் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? விசில் சத்தம், வரிசை, குழுப்பாட்டு, மழையில் நனைஞ்ச கூடாரம், பெரிய சட்டியில் மீகூன். நான் போன எந்த முகாமிலும் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல அமைதி இருந்ததில்லை. அதனாலேயோ என்னவோ, ஏரிக்கரையில் தனியாகக் கூடாரம் போட்டே பேர் வாங்கிய ஒருத்தரைப் பற்றிப் படிச்சப்போ விட மனசு வரல. கனடாவில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. நம்ம பக்கம் அவ்வளவாகத் தெரியாது. பெயர் டாம் தாம்சன், ஓவியர்.

1877 ஆகஸ்ட் 5ஆம் தேதி ஒண்டாரியோ மாநிலத்தில் பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் ஆறாவது. ஜார்ஜியன் விரிகுடா ஓரத்தில், லீத் என்ற ஊரில் விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தார். மீன் பிடிக்கவும் காட்டில் சுற்றவும் சின்ன வயசிலேயே பழகிட்டார். பள்ளிப் படிப்பு பெரிசாக இல்லை.

இனி வருவதைப் பொறியியல் மாணவர்கள் கவனமாகப் படிக்கணும். இருபத்தொரு வயசில் அவர் இயந்திரத் தொழில் கற்க ஓர் இரும்பு வார்ப்புப் பட்டறையில் சேர்ந்தார். எட்டு மாதம்கூட ஒழுங்காகத் தாண்டவில்லை. நேரத்துக்கு வராததால்தான் வேலை போச்சு என்கிறார்கள். காலை எட்டு மணி லேப்புக்கு ஓடுகிற எனக்கு இதைப் படிச்சதும் கொஞ்சம் ஆறுதல். பட்டாளத்தில் சேரப் பார்த்தார், உடல் தகுதி இல்லையென்று திருப்பி அனுப்பிட்டாங்க. அப்புறம் வணிகக் கல்லூரி. பிறகு அண்ணன் இருந்த அமெரிக்காவின் சியாட்டில் நகரம். அங்கே அச்சுக்கு எழுத்து வரைகிற, விளம்பரம் வரைகிற வேலை. 1905 வாக்கில் டொராண்டோவுக்குத் திரும்பி அதே வேலையைத் தொடர்ந்தார். அடுத்தவர் விளம்பரத்துக்குப் பூவும் கொடியும் வரைஞ்சு கொடுத்தே முப்பது வயசு தாண்டிருச்சு.

கிரிப் என்ற வடிவமைப்பு நிறுவனத்தில் சேர்ந்ததுதான் திருப்பம். அங்கே மூத்த ஓவியராக இருந்தவர் ஜே.இ.எச். மெக்டொனால்ட். வார இறுதியில் ஊருக்கு வெளியே போய் இயற்கையைப் பார்த்து வரையச் சொல்லி எல்லாரையும் தூண்டிவிடுவார். தாம்சனும் போனார். 1912 மே மாதம், சக ஊழியர் ஒருவரோடு முதல் முறையாக அல்கோன்குவின் பூங்காவுக்குக் கிளம்பினார். அப்போ அவருக்கு 34 வயது.

பூங்கா என்றதும் ஊஞ்சலும் நடைபாதையும் இருக்கிற இடம் என்று நினைச்சுடாதீங்க. 1893இல் அரசு ஒதுக்கிய வடகாடு அது. இன்றைய பரப்பு சுமார் 7,600 சதுர கிலோமீட்டர், அதாவது சிங்கப்பூரைப் போலப் பத்து மடங்கு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள். தாம்சன் காலத்தில் ரயிலில் வந்து இறங்கணும். அதுக்கு மேல் கனோ எனும் இலேசான படகுதான். ஓர் ஏரி முடிஞ்சால் படகைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதையில் நடந்து அடுத்த ஏரியில் இறக்கணும். கூடாரம், மாவு, தூண்டில், வண்ணப்பெட்டி எல்லாமே முதுகில்.

அது மனிதக் கை படாத காடும் இல்லை. அவர் அடிக்கடி தங்கிய கனோ ஏரிக்கரையில் முன்பு ஒரு பெரிய மர ஆலை நடந்து மூடியிருந்தது. அணை கட்டியதால் நீரில் நின்னு செத்த மரங்கள், வெட்டிப் போட்ட அடிக்கட்டைகள், ஆற்றில் மிதந்து வரும் மரத்தடிகள் எல்லாம் அங்கே உண்டு. தாம்சன் அதை மறைக்கவில்லை, அதையும் வரைந்தார். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடிச்சது இதுதான்.

அதே 1912 கோடையில் இன்னொரு நண்பரோடு மிசிசாகி காட்டுப் பகுதிக்கு நீண்ட படகுப் பயணம் போனார். வேகமான நீரில் படகு கவிழ்ந்து, வரைந்த படங்களில் பெரும்பாலானவையும் எடுத்த புகைப்படங்களும் போய்விட்டன. பல வார உழைப்பு! நானாக இருந்தால் நேரே வீட்டுக்குப் பஸ் ஏறியிருப்பேன். அவர் மிச்சத்தை வைத்து ஒரு பெரிய ஓவியம் தீட்டினார். 'வடக்கு ஏரி' என்ற அந்தப் படத்தை 1913இல் ஒண்டாரியோ அரசு 250 டாலருக்கு வாங்கியது.

அந்த ஆண்டு கடைசியில் ஜேம்ஸ் மெக்கல்லம் என்ற கண் மருத்துவர், வேலையை விட்டுவிட்டு வரை, ஒரு வருஷச் செலவு என்னுடையது என்று முன்வந்தார். தாம்சன் உடனே தலையாட்டவில்லை. தன் கையை நம்பியே பிழைக்க முடியுமா என்ற பயம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. ஆனாலும் ஒத்துக்கிட்டார். மாதச் சம்பளத்தை விடும்போது வயது 36.

அதற்குப் பிறகு வாழ்க்கை இரண்டே பகுதி. பனிக்காலத்தில் டொராண்டோவில், ஓவியர்களின் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு பழைய கொட்டகையில், மாதம் ஒரு டாலர் வாடகையில் பெரிய படங்கள் தீட்டுவார். ஏரியில் பனிக்கட்டி உடைகிற நேரம் வந்ததும் காட்டுக்குப் போயிடுவார். கையில் காசு குறைஞ்சால் மீன் பிடிக்க வருகிறவர்களுக்கு வழிகாட்டியாகப் போவார். கரையில் நெருப்பு மூட்டி ரொட்டி சுட்டுத் தருவதில் கெட்டிக்காரர் என்று பேர். தன் படகுக்குத் தனியாக ஒரு சாம்பல் நிறம் கலந்து பூசியிருந்தார். வண்ணக்காரர் இல்லையா!

அவருடைய வண்ணப்பெட்டியைப் பற்றி இரண்டு வரி எழுதாமல் போனால் என் படிப்புக்கு மரியாதை இல்லை. அவர் வரைந்த மரப்பலகை சுமார் 21.6க்கு 26.7 சென்டிமீட்டர், ஏ4 தாளைவிடச் சின்னது. எண்ணெய் வண்ணம் சீக்கிரம் காயாது. ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் எல்லாம் நாசம். அதனால் பலகைகள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும்படி பெட்டிக்குள் காடி வெட்டியிருக்கும். பாறையிலோ படகிலோ உட்கார்ந்து மடியில் வைத்தே வரையலாம். ஒளி மாறுவதற்குள் ஒரு படம் முடியணும். இப்படி நானூறு வரை வரைந்திருக்கிறார்.

1916 கோடையில் பூங்காவின் கிழக்குப் பக்கம், கிராண்ட் ஏரி அருகே காட்டுத்தீக் காவலராக வேலை பார்த்தார். இந்த வேலையோடு வரைவது ஒத்துவரவில்லை என்று மருத்துவருக்குக் கடிதத்தில் குறைப்பட்டுக்கொண்டார். ஆனால் அந்த ஏரிக்கரையில்தான் ஒரு சின்னப் பலகையில், பாறைமேல் தனியாக நின்ற பைன் மரத்தை வரைந்தார். பனிக்காலத்தில் கொட்டகையில் அதை 128க்கு 140 சென்டிமீட்டர் அளவில் பெரிசாக்கினார். அதுதான் 'ஜாக் பைன்'. ஒட்டாவா தேசிய ஓவியக்கூடம் அவர் இறந்த மறுவருஷம் வாங்கியது.

1917 வசந்தத்தில் கனோ ஏரிக்கு வந்தவர், ஒரு புது முயற்சி செய்தார். பனி கரைவது, பனிக்கட்டி கருத்து உடைவது, பூர்ச்ச மரம் துளிர்ப்பது என்று நாளுக்கொரு படமாக, 62 நாளின் வானிலையை வரைந்து வைத்திருப்பதாகப் பூங்காக் காவலரிடம் சொன்னாராம். ஒரே ஏரி, ஒரே காடு. அடுத்த ஊர், அடுத்த மலை என்று ஓடாமல் ஒரே கரையை அறுபது தடவை பார்க்க எவ்வளவு பொறுமை வேணும்!

ஜூலை 8ஆம் தேதி மதியம் அதே ஏரியில் தனியாகப் படகில் கிளம்பினார். படகு கவிழ்ந்து மிதந்தது. எட்டு நாள் கழித்து உடல் கிடைத்தது. நெற்றிப் பொட்டில் காயம், காலில் தூண்டில் நரம்பு சுற்றியிருந்தது. தவறி மூழ்கியதாக அதிகாரபூர்வ முடிவு. கொலையா, தற்கொலையா, புதைத்த இடம் எது என்று இன்றுவரை புத்தகங்கள் வருகின்றன. உண்மையைச் சொன்னால் எனக்கு இது எரிச்சலாக இருக்கு. ஒருத்தர் ஐந்து வருஷம் ஏரிக்கரையில் உயிரோடு உட்கார்ந்து என்ன பார்த்தார் என்பதைவிட, ஒரு மதியத்தில் எப்படிச் செத்தார் என்பதற்கே கூட்டம் சேருது. நாற்பது வயது ஆக இன்னும் நாலு வாரம் இருந்தது.

அவருடைய நண்பர்கள் 1920இல் 'எழுவர் குழு' என்ற பெயரில் கூடிக் கனடாவின் ஓவியத்தையே மாற்றினார்கள். அவர் இருந்திருந்தால் நிச்சயம் எண்ணிக்கை மாறியிருக்கும். அதுக்கு முன்பே, அவர் இறந்த அந்தச் செப்டம்பரிலேயே, மெக்டொனால்டும் பீட்டி என்ற இன்னொரு ஓவியரும் கனோ ஏரிக்கு வந்தார்கள். அவர் கூடாரம் போடப் பிரியப்பட்ட ஒரு முனையில், அங்கேயே கிடந்த கற்களை அடுக்கி ஒரு நினைவுத்தூண் எழுப்பினார்கள். அது இன்னும் இருக்கு. பக்கத்துவரை நெடுஞ்சாலை வந்தாச்சு, ஆனாலும் அந்த முனைக்குப் போக துடுப்புப் போட்டுத்தான் ஆகணும்.