பில் வில்சன்

வில்லியம் கிரிஃபித் வில்சன் (நவம்பர் 26, 1895 - ஜனவரி 24, 1971) என்பவர் குடிநோயாளிகள் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (சுருக்கமாக ஏ.ஏ.) அமைப்பை மருத்துவர் ராபர்ட் ஸ்மித்துடன் இணைந்து தோற்றுவித்தவர் ஆவார். உறுப்பினர்கள் முழுப்பெயரை வெளியிடுவதில்லை என்பது இவ்வமைப்பின் மரபு. ஆகையால் இவர் பில் டபிள்யூ என்றே அறியப்பட்டார். முழுப்பெயர் நாளிதழ்களில் பரவலாக வெளிவந்தது இவரது மறைவுச் செய்தியோடுதான்.

இளமை

ஐக்கிய அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்திலுள்ள ஈஸ்ட் டார்செட் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் பிரிந்துவிட்டதால் தாய்வழிப் பாட்டன் பாட்டியிடம் வளர்ந்தார். முதல் உலகப்போரின்போது படையில் அதிகாரியாக இருந்த காலத்தில், 1917 இல் முதன்முதலாக மது அருந்தினார். 1918 ஜனவரி 24 அன்று லோயிஸ் பர்ன்ஹாம் என்பவரை மணந்தார்.

போருக்குப் பின் நியூயார்க்கில் பங்குச் சந்தையில் ஈடுபட்டார். மனைவியுடன் மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகச் சென்று நிறுவனங்களின் உண்மை நிலையை நேரில் ஆராய்ந்து முதலீட்டாளர்களுக்கு அறிக்கை அளித்தார். இது அக்காலத்தில் புதிய முறையாகும். வருமானம் பெருகியது, குடியும் பெருகியது. 1929 பங்குச் சந்தை வீழ்ச்சியில் அனைத்தையும் இழந்தார். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்குச் சட்டம் நடப்பில் இருந்தது என்பதும், வில்சன் முற்றிலும் சீரழிந்தது அந்த ஆண்டுகளில்தான் என்பதும் இங்கு கவனிக்கத்தக்கவை. லோயிஸ் பல்பொருள் அங்காடி ஒன்றில் பணிபுரிந்து குடும்பத்தைக் காப்பாற்றினார்.

மது கைவிடல்

நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனையில் சிகிச்சை அளித்த மருத்துவர் வில்லியம் சில்க்வொர்த், குடி என்பது ஒழுக்கக்கேடு அன்று, நோய் என்று விளக்கினார். 1934 நவம்பரில் பழைய குடித்தோழர் எபி தாச்சர், ஆக்ஸ்ஃபோர்ட் குழு என்னும் கிறித்தவ இயக்கத்தின் வழியாகத் தாம் குடியை நிறுத்தியதாகக் கூறினார். அடுத்த மாதம் மருத்துவமனையில் இறுதியாகச் சேர்க்கப்பட்ட வில்சன், அங்கு பெற்ற ஆன்மிக அனுபவத்திற்குப் பின் மீண்டும் குடிக்கவில்லை.

வெளிவந்ததும் பிற குடிகாரர்களைத் திருத்த முனைந்தார். ஐந்து மாதங்கள் முயன்றும் ஒருவர்கூடத் திருந்தவில்லை. உபதேசத்தைக் குறைத்து நோயைப் பற்றிப் பேசுமாறு சில்க்வொர்த் அறிவுறுத்தினார்.

ஏக்ரன் சந்திப்பு

1935 மே மாதம் ஒரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டைப் பெறும் முயற்சிக்காக ஒகையோ மாநிலத்தின் ஏக்ரன் நகருக்குச் சென்றார். முயற்சி தோற்றது, கையில் பணமில்லை. மே 11 அன்று மேஃபிளவர் விடுதியின் முகப்புக் கூடத்தில் நின்றபோது, ஒருபுறம் மதுக்கூடம், மறுபுறம் தொலைபேசியும் தேவாலயங்களின் பட்டியலும் இருந்தன. தன் துயரை அறிந்த இன்னொரு குடிகாரருடன் பேசாவிட்டால் மீண்டும் குடித்துவிடுவோம் என அஞ்சிப் பட்டியலில் இருந்த பாதிரியார் ஒருவரை அழைத்தார். அவர் தந்த பெயர்களுக்கு ஒவ்வொன்றாக முயன்று, இறுதியில் ஆக்ஸ்ஃபோர்ட் குழுவைச் சேர்ந்த ஹென்றியேட்டா சைபர்லிங் என்ற பெண்மணியை அடைந்தார்.

அவர் மறுநாளே தம் இல்லத்தில் அறுவை மருத்துவர் ராபர்ட் ஸ்மித்தை வில்சனுக்கு அறிமுகப்படுத்தினார். பதினைந்து நிமிடத்திற்கு மேல் இருக்கமாட்டேன் என்ற நிபந்தனையுடன் வந்த ஸ்மித், ஆறு மணி நேரத்திற்கும் மேலாகப் பேசிக்கொண்டிருந்தார். குடியைப் பற்றி ஸ்மித்திற்கு ஏற்கெனவே பலர் அறிவுரை கூறியிருந்தனர். தம்மைக் காத்துக்கொள்ள அவருடைய உதவி தேவை என்று வந்தவர் வில்சன் ஒருவரே. பின்னாளைய ஏ.ஏ. கூட்டங்கள் அனைத்திற்கும் இதுவே அடிப்படை. பேசுபவர் ஆசிரியர் அல்லர். கேட்பவரைப் போலவே அவருக்கும் கூட்டம் தேவைப்படுகிறது.

இடையில் ஒருமுறை ஸ்மித் மீண்டும் குடித்தார். அறுவை சிகிச்சைக்குச் செல்லும் முன் கைநடுக்கம் தணிய வில்சன் கொடுத்த பீர்தான் அவரது கடைசி மது. அந்நாளான 1935 ஜூன் 10 அமைப்பின் தொடக்க நாளாகக் கொள்ளப்படுகிறது.

அமைப்பின் வளர்ச்சி

நியூயார்க் திரும்பிய வில்சன் புரூக்ளின் வீட்டில் வாராந்தரக் கூட்டங்களை நடத்தினார். 1939 இல் பெரும்பகுதி இவர் எழுதிய நூல் வெளிவந்தது. பன்னிரண்டு படிகள் அதிலேயே இடம்பெற்றன. அதே ஆண்டு வீட்டை இழந்து, 1941 வரை தம்பதியர் நண்பர்களின் வீடுகளில் தங்கினர். 1941 மார்ச்சில் சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் இதழில் வந்த கட்டுரைக்குப் பின் உறுப்பினர் தொகை ஏறத்தாழ 2,000 இலிருந்து ஆண்டிறுதிக்குள் 8,000 ஆக உயர்ந்தது. குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்கான அல்-அனான் அமைப்பை லோயிஸ் 1951 இல் தொடங்கினார்.

1954 இல் யேல் பல்கலைக்கழகம் வழங்க முன்வந்த மதிப்புறு முனைவர் பட்டத்தை வில்சன் மறுத்துவிட்டார்.

விமர்சனங்கள்

இவரை மகானாகக் கருதுவது பொருந்தாது. குடியை நிறுத்திய பின்னரும் ஏறத்தாழ பத்தாண்டுகள் கடும் மனச்சோர்வால் அவதியுற்றார். 1956 இல் மருத்துவக் கண்காணிப்பில் எல்.எஸ்.டி. உட்கொண்டது அமைப்பினுள்ளேயே எதிர்ப்பைத் தோற்றுவித்தது. புகைப்பழக்கத்தை நெடுங்காலம் விடவில்லை. நுரையீரல் நோயே இறுதியில் இவர் உயிரைப் பறித்தது. மறைந்த நாள் இவர்களின் 53 ஆவது திருமண நாளாகும்.

கூட்டங்களின் பயன் குறித்தும் நெடுங்காலம் ஐயம் நிலவியது. 2020 இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, தொடர்ந்து மது அருந்தாதிருப்பதில் இம்முறை பிற சிகிச்சைகளை விடச் சிறந்த பலன் அளிப்பதாகக் கண்டது.

இந்தியாவில்

இந்தியாவில் ஏ.ஏ. கூட்டங்கள் 1957 இல் தொடங்கின. அப்போது தமிழகம் முழுவதும், 1948 இல் இந்தியாவுடன் இணைந்த புதுக்கோட்டை சமஸ்தானப் பகுதி உட்பட, மதுவிலக்கு நடப்பில் இருந்தது. வில்சன் மறைந்த 1971 ஆம் ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. கூட்டங்களில் கட்டணம் கிடையாது; செலவுகள் உறுப்பினர்கள் விரும்பித் தரும் காசிலிருந்தே ஈடுகட்டப்படுகின்றன. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே சேர்வதற்கான தகுதியாகும்.