ஆல்டோ லியோபோல்ட்

ஆல்டோ லியோபோல்ட் (ஜனவரி 11, 1887 - ஏப்ரல் 21, 1948) அமெரிக்க வனவியலாளர், சூழலியலாளர், எழுத்தாளர். நில அறம் என்னும் கருத்துக்காகவே இவர் பெரிதும் அறியப்படுகிறார். தனியார் நிலங்களிலுள்ள இயற்கை வளங்களை உரிமையாளர்களே கூட்டாகப் பேணுவதற்கு இவர் எடுத்த முயற்சிகள் அந்த அளவுக்கு அறியப்படவில்லை.

வாழ்க்கை

அயோவா மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் பயின்று 1909 இல் அமெரிக்க வனத்துறையில் சேர்ந்தார். அரிசோனா, நியூ மெக்சிகோ பகுதிகளில் பணியாற்றியபின் 1924 இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசனுக்குக் குடிபெயர்ந்தார். 1933 இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் காட்டுயிர் மேலாண்மைப் பேராசிரியரானார்.

ரைலி கூட்டுறவு

அமெரிக்காவில் காட்டுப் பறவைகளும் விலங்குகளும் நில உரிமையாளரின் சொத்து அல்ல. ஆனால் அவை வாழும் வயலும் புதரும் அவருடையவை. எனவே பறவைகளைப் பேணுவதால் உழவருக்குப் பயனில்லை. அனுமதியின்றி நுழையும் வேட்டைக்காரர்களால் தொல்லை மட்டுமே மிஞ்சியது. ஒரு பண்ணையில் மட்டும் புதர் வளர்த்தாலும் பலனில்லை, பறவைகள் வேலியை அறியா.

1931 இல் மேடிசனுக்கு அருகிலுள்ள ரைலி என்னும் சிற்றூரில் உழவர்களையும் நகரவாசிகள் சிலரையும் லியோபோல்ட் ஒன்றிணைத்தார். நிலவுரிமை எவரிடமிருந்தும் எவருக்கும் மாறவில்லை. உழவர்கள் நிலத்தையும் காவலையும் அளித்தனர். நகர உறுப்பினர்கள் தீவனம் முதலிய செலவுகளை ஏற்றனர். புதர்கள் நடப்பட்டன, குளிர்காலத்தில் பறவைகளுக்குத் தீவனம் இடப்பட்டது. வேட்டையாடும் வாய்ப்பை உறுப்பினர்கள் பகிர்ந்துகொண்டனர். இதன் வரலாற்றை லியோபோல்ட் 1940 இல் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார்.

கூன் பள்ளத்தாக்கு

1933 இல் விஸ்கான்சினின் கூன் பள்ளத்தாக்கில் தொடங்கிய மண்ணரிப்புத் தடுப்புத் திட்டத்துக்கு இவர் ஆலோசகராக இருந்தார். மேட்டு நில உழவர் சரிவில் மாடு மேய்த்தால், கீழேயுள்ளவரின் வயலை வெள்ளமும் மண்ணும் மூடும். ஆகவே உழவர்கள் தனித்தனியே ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டு, செங்குத்தான சரிவுகளில் மேய்ச்சலை நிறுத்தினர். அரசு விதையும் சுண்ணாம்பும் வேலையாட்களும் அளித்தது.

இம்முயற்சிகளின் குறைகளையும் லியோபோல்ட் மறைக்கவில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்ததும், உடனடி வருமானம் தந்த முறைகளை மட்டுமே உழவர்கள் பரவலாகத் தொடர்ந்தனர். நிலப் பயன்பாட்டு விதிகளை உழவர்களே வகுத்துக்கொள்ள 1937 இல் விஸ்கான்சின் சட்டம் இடமளித்தது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழிந்தும் எந்த மாவட்டமும் ஒரு விதிகூட வகுக்கவில்லை என்று அவர் எழுதினார். ஊக்கத்தொகை மட்டும் போதாது, நிலத்தின்பால் கடமையுணர்வும் வேண்டும் என்ற முடிவுக்கு இவ்வனுபவங்களே அவரைக் கொண்டு சென்றன எனலாம்.

மறைவு

1935 இல் விஸ்கான்சின் ஆற்றங்கரையில் வளம் குன்றிய பண்ணை ஒன்றை வாங்கிக் குடும்பத்துடன் ஆயிரக்கணக்கான மரங்களை நட்டார். 1948 இல் பக்கத்துப் பண்ணையில் பற்றிய புல்தீயை அணைக்க உதவியபோது மாரடைப்பால் இறந்தார். இவருடைய புகழ்பெற்ற நூலான 'எ சேண்ட் கவுன்டி அல்மனாக்' 1949 இல் வெளிவந்தது.